பத்தியம் இல்லாத மாத்திரை

அத்தியாயம் 6

திருக்கோகர்ணத்தில் உயரமான பொருள்கள் இரண்டு. ஒன்று கோயில் பாறை. மற்றது டாக்டர் ஆத்மநாதனின் மூக்கு. பாறையின் மேலாவது ஆடு ஏறும்.

லண்டன் போய் வந்தவர். போகும்போது மிதந்த கப்பல், வரும்போது பாதி தண்ணீருக்குள் அமிழ்ந்து வந்ததென்றும், அவர் ஏற்றி வந்த பட்டங்களின் கனமே அதற்குக் காரணமென்றும் ஊரில் பேச்சு. இந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று விசாரித்துக்கொண்டே போனால் டாக்டர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். அந்த வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையோ அதற்கும் மேல். ஒரு முனையில் படிக்கத் தொடங்கிய நோயாளி மறு முனைக்கு வந்து சேர்வதற்குள் சாதாரணக் காய்ச்சலாக இருந்தால் தானே இறங்கிவிடும்.

அந்தப் பலகைக்குக் கீழே ஜட்கா வண்டி ஒன்று வந்து நின்றது. வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டபடி துப்பறியும் அழகுமலை இறங்கினார். புதுக்கோட்டை சமஸ்தானப் போலீசில் இருந்தவர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது, "ராஜாவுக்கே வேலை போயிருச்சு, எனக்கு என்ன வந்துச்சு?" என்று சொல்லிவிட்டுக் கீழராஜ வீதியில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் திறந்தவர். அவர் பின்னாலேயே இறங்கினாள் உதவியாளர் செங்கமலம். நாடகக் கம்பெனியில் ஹாஸ்ய வேஷம் கட்டியவள். இவள் சாகிற காட்சியில் ஜனங்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகையே சரிந்தது. கம்பெனியும் சேர்ந்து சரிந்தது. அன்றிலிருந்து அழகுமலையிடம் இருக்கிறாள்.

வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு தம்பதி இறங்கினார்கள். கீரமங்கலத்தில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஆண்டியப்பனும் அவன் மனைவி செவந்தியும். செவந்தி வலது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

"ஆண்டியப்பன், நீங்க காலையில சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்க," என்றார் அழகுமலை. "செங்கமலம் வண்டியில தூங்கிட்டா."

"தூங்கலண்ணே. குதிரை மட்டும் தனியா தூங்குதேன்னு தொணைக்குக் கண்ணை மூடியிருந்தேன்."

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினான். "இவ கையில தேமலாட்டம் வெளுத்துச்சுங்க. அப்புறம் அங்கிட்டுத் தொட்டாத் தெரியல. பெருநோயுன்னு சொல்லிட்டாக. சர்க்கார் ஆசுபத்திரியில மாத்திரை குடுத்தாக, தின்னுக்கிட்டுத்தான் இருந்தா. இந்த டாக்டரு ஆள் மேல ஆளா அனுப்பி, அதை நிறுத்து, எங்கிட்ட புது மாத்திரை இருக்கு, ரெண்டையும் சேத்துத் தின்னா ஆராய்ச்சி கெட்டுப்போகும்னாரு. நிறுத்திட்டோம். போன வாரம் சோத்துப்பானையை எறக்குனா பாருங்க, வெரலு வெந்து கொப்புளிச்சுப்போச்சு. இவ பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரியோட பேசிக்கிட்டு நிக்கிறா! எனக்குத்தேன் கருகுன வாடை வந்துச்சு."

"கொப்புளம் கெடக்குது, விடுங்க," என்றாள் செவந்தி. "பூக் கட்டுறப்ப நாரு கையில இருக்கா நழுவிருச்சான்னு தெரியல. வெரலு மடங்கிப்போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு ஆவேன்?"

அழகுமலை அவளை ஒரு கணம் பார்த்தார். "மருந்து தின்னும் நோய் கூடுது. சரி. அதுக்காக டாக்டரைச் சந்தேகப்படுவானேன்?"

"பத்தியமே சொல்லலீங்களே!" என்றான் ஆண்டியப்பன்.

செங்கமலம் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"சளிக்குக் கசாயம் குடுக்குறவன்கூட மோரைத் தொடாதேம்பான். செத்த நரம்பை எழுப்புற மருந்துக்கு ஒரு பத்தியமும் கெடையாதாம். எல்லாத்தையும் தின்னுன்னு சொன்னா அது மருந்து இல்லீங்க, விருந்து. அதுவும் போகட்டும். எங்க ஊருச் சோலையப்பனும் இங்கதான் மாத்திரை வாங்குறான். அவனுக்கு மட்டும் கருவாடு ஆகாது, கத்திரிக்காய் ஆகாதுன்னு பத்தியம்! யாருடா சொன்னதுன்னு கேட்டா வாயைத் தெறக்க மாட்டேங்கிறான்."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேங்க. சிரிச்சாரு. பட்டிக்காட்டுப் பயலேன்னு இங்கிலீசுல சொன்னாரு. தமிழ்ல சொல்லியிருந்தா இம்புட்டுக் கோவம் வந்திருக்காது."

உரித்த கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார் அழகுமலை. அது நல்ல சகுனம். அந்த மனிதர் கடலை தின்பதை நிறுத்தினால் எங்கோ ஒரு திருடனுக்குத் தும்மல் வரும் என்று போலீசில் சொல்வார்கள்.

"ஒருத்தனுக்குப் பத்தியம், இன்னொருத்தருக்கு இல்ல. வா செங்கமலம், உள்ள போயி லண்டனைப் பார்ப்போம்."

---

சித்திரை வெயிலில் டாக்டர் ஆத்மநாதன் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். வியர்வை அவர் கழுத்துப் பட்டையிலிருந்து சொட்டிய வேகத்துக்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தால் வீட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சியிருக்கலாம்.

"மிஸ்டர் அழகுமலை," என்று அவர் தொடங்கினார், "உங்களுக்கெல்லாம் இது புரியாது. இருந்தாலும் சொல்கிறேன். இது வெறும் வைத்தியம் இல்லை. பரிசோதனை! இந்தக் குஷ்டநோய் ஒட்டிக்கொள்வதும் உண்டு, நரம்பைத் தின்பதும் உண்டு. அதற்கு நான் ஒரு புது மருந்தைச் சோதிக்கிறேன். அதோ பாருங்கள்."

அலமாரியில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் யானைப் படம் ஒட்டியிருந்தது, மற்றதில் மயில் படம். இரண்டிலும் வெள்ளை மாத்திரைகள், ஒரே அச்சு.

"ஒன்றில் நிஜ மருந்து. இன்னொன்றில் வெறும் சர்க்கரை. எது எது என்று நோயாளிக்குத் தெரியாது. கம்பவுண்டருக்குத் தெரியாது. எனக்கே தெரியாது! சென்னையில் ஒரு இரும்புப் பெட்டியில் அந்த ரகசியத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? அதனால்தான். எந்த நோயாளிக்கு எந்த ஜாடி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கிறோம்."

"ரொம்ப நியாயங்க," என்றார் அழகுமலை பணிவாக. "சீட்டை எடுக்குறது யாருங்க?"

"நான்."

"பிரிச்சுப் படிக்கிறது?"

"நான்தான். ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க. இம்புட்டுப் பெரிய வேலைக்கு ஒத்தாசைக்கு ஆளில்லாம கஷ்டப்படுறீங்களேன்னு கேட்டேன்."

கிண்டல் டாக்டரின் மூக்குக்குக் கீழேயே போய்விட்டது. அந்த உயரத்தில் இருப்பவர்களுக்குத் தரையில் நடப்பது தெரியாது. "பலன் அற்புதம்!" என்றார். "ஒரு ஜாடிக்காரர்கள் அனைவருக்கும் வெளுப்பு மறைந்து உணர்ச்சி திரும்பிவிட்டது. டில்லி மாநாட்டில் வாசிக்கப்போகிறேன். நாளை சென்னைக் குழுவிலிருந்து ரெங்கசாமி பார்வையிட வருகிறார்."

"சர்க்கரை தின்னுறவங்க கதி என்னாகுங்க?" என்று கேட்டாள் செங்கமலம்.

"விஞ்ஞானத்துக்காகச் சிலர் காத்திருக்கத்தான் வேண்டும்."

"அவுக காத்திருப்பாக. அவுக வெரலு காத்திருக்குமாங்க?"

டாக்டர் அவளை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். செங்கமலமோ அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யானை ஜாடி வெறும் பலகையில் நின்றது. மயில் ஜாடி மட்டும் ஒரு பித்தளைத் தட்டுக்குள் நின்றது. தட்டு நிறையத் தண்ணீர்.

"அண்ணே, மயிலுக்கு மட்டும் தாகம் போல."

மூலையில் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் சந்தனசாமி திரும்பினார். ஆவூர்ப் பக்கத்துக்காரர், கழுத்தில் ஜெபமாலை. "எறும்புங்க," என்றார் வெள்ளந்தியாக. "மூடியைத் தொறந்தாப் போதும், வரிசை கட்டி வந்துருது. எங்க வீட்ல வெல்லப் பானையை வைக்கிற மாதிரி தட்டுல தண்ணி ஊத்தி..."

"சந்தனசாமி! புட்டியைத் துடை!" என்று சீறினார் டாக்டர்.

வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில் காத்திருந்த தம்பதியிடம் ஜாடி, சர்க்கரை, எறும்பு எல்லாவற்றையும் அழகுமலை சொன்னார். "செவந்தி, ஒங்களுக்கு எந்த ஜாடி?"

"மயிலுங்க."

ஆண்டியப்பனின் முகம் வெளுத்தது. "அப்ப இவ தின்னது பூராம் சர்க்கரைதானா?"

"சென்னையில இரும்புப் பெட்டியில பூட்டுன ரகசியத்தைத் திருக்கோகர்ணத்து எறும்பு தொறந்திருச்சு," என்றார் அழகுமலை. "ஆனா இது மட்டும் குத்தம் ஆகாது. சீட்டுல சர்க்கரை விழுந்தது இவங்க கெட்ட நேரம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. சீட்டு விழுந்துச்சா, விழ வச்சாங்களான்னு தெரியணும். யானை எது மயில் எதுன்னு தெரிஞ்ச ஒரு ஆளு அந்த வீட்டுக்குள்ள இருக்கான். அவன்தான் பத்தியம் சொல்றவன்."

"அந்த ஆளை எப்படிண்ணே புடிக்கிறது?"

"செங்கமலம், ஒனக்குக் கூடை சுமக்க வருமா?"

"சீதா கல்யாணத்துல செத்த யானையையே சுமந்திருக்கேண்ணே. உள்ள ரெண்டு பேரு இருந்தாங்க."

"இது அதை விடக் கனம். நாறும்."

---

மறுநாள் காலையில் கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டுக் கூடையோடு ஒரு வியாபாரிப் பெண் பஸ் ஏறினாள். ஏறிய இடத்திலிருந்து ஆலங்குடி வருவதற்குள் அவளைச் சுற்றியிருந்த ஆசனங்களெல்லாம் தாமாகவே காலியாயின. அதற்கப்பால் போனபோது பஸ்ஸில் அவள், டிரைவர், மூக்கடைப்பு இருந்த ஒரு பெரியவர், ஆக மூன்று பேர்தான். கண்டக்டர் வெளியே தொங்கிக்கொண்டு வந்தார். கீரமங்கலம், கறம்பக்குடி, பிறகு வேறு பஸ் பிடித்து ஆவூர். மாத்திரை வாங்குகிறவர்களின் வீடு வீடாகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் கீழராஜ வீதி மாடிக்கு வந்து சேர்ந்தாள். அவள் படியேறுவதற்கு முன்பே தெருப் பூனைகள் ஏறிவிட்டன.

"சன்னலைத் தொறந்து வையுங்கண்ணே, சொல்றேன்."

"தொறந்துதான் இருக்கு. சுவரை இடிக்கலாமான்னு பாக்குறேன். சொல்லு."

"மயில் வீட்டுக்காரங்க கூடையைப் புடுங்கிட்டுப் போனாங்க. யானை வீட்டுக்காரங்க ஒருத்தர்கூட வாங்கல. கறம்பக்குடியில ஒரு பிச்சையம்மா, நெத்திலியை எடுத்து மோந்து பாத்து, கண்ணுல ஒத்திக்கிட்டு, திரும்பக் கூடையில போட்டுட்டு அழுதுட்டா. எல்லாருக்கும் அதே பத்தியந்தான். கருவாடு ஆகாது, கத்திரிக்காய் ஆகாது. யாரு சொன்னான்னு கேட்டா மூச்சு விட மாட்டேங்குதுக. வெளிய சொன்னா மருந்து பலிக்காதாம். சாமி மேல சத்தியம் வாங்கியிருக்கு அந்த ஆளு."

"கெட்டிக்காரன்."

"இன்னும் கேளுங்க. யானை வீட்டு ஆளுகளுக்கு நோயி எம்புட்டுங்கிறீங்க? இத்தினூண்டு தேமல். அம்புட்டுத்தான். கையும் காலும் மரத்துப்போனவங்க, வெரலு மடங்க ஆரம்பிச்சவங்க, ஒருத்தர் விடாம மயிலு. சீட்டுக் குலுக்கிப் போட்டா இப்படியாண்ணே பாத்துப் பாத்து விழும்? எங்க கம்பெனியில பரிசுச் சீட்டு கூட இம்புட்டு நேர்மையா மொதலாளி மச்சானுக்கே விழுந்ததில்ல."

அழகுமலை மேசையைத் தட்டினார். "லேசா வந்தவனுக்கு மருந்து, முத்துனவனுக்குச் சர்க்கரை. ஒருத்தன் காலைக் கட்டிப் போட்டுட்டு இன்னொருத்தனை ஓடச் சொல்லி, அவனுக்கு மாலை போடுறது. மருந்து நல்லதா கெட்டதான்னு இப்ப யாருக்கும் தெரியாது. ஆனா டில்லியில கைதட்டல் நிச்சயம்."

"அப்ப டாக்டருதானா?"

"கைதட்டல் அவருக்கு. ஆனா எறும்புக்குத் தட்டு வச்சது கம்பவுண்டர். மருந்தை அள்ளிக் குடுக்குறது கம்பவுண்டர். சொந்தக்காரங்களுக்கு நல்லதைக் குடுக்கச் சீட்டை மாத்தி அடுக்கிட்டான்னு டாக்டர் சொன்னா, நம்ம கிட்ட பதில் என்ன இருக்கு? டாக்டரு பத்தியத்தைக் கேட்டாலே சிரிக்கிற ஆளு, லண்டன்காரரு. ஆண்டியப்பனே சாட்சி."

செங்கமலம் கன்னத்தில் கை வைத்தாள். "ஆவூருல வியாகுலமேரின்னு ஒரு அம்மா. யானைதான். அது பொலம்புன பொலம்பலு இருக்கே! வெள்ளிக்கிழமை கறியை விடச் சொல்லுது கோயிலு, கருவாட்டை விடச் சொல்லுது மருந்து, நான் ரசத்தைக் குடிச்சுட்டுச் சாகவான்னு கேக்குது."

அழகுமலை ஒரு கடலையை எடுத்தார். உரிக்க மறந்து தோலோடு வாயில் போட்டு மென்றார்.

"அடடே," என்றார். "கருவாடு மிச்சம் இருக்கா?"

"நெத்திலி கொஞ்சம் இருக்கு."

"போயிக் குழம்பு வச்சுச் சாப்பிடு. கையைக் கழுவாம வா. ரெங்கசாமி இன்னமும் டாக்டர் வீட்லதான் இருக்காரு."

---

டாக்டர் வீட்டு முன்கூடத்தில் மாலை, ரோஜாத் தண்ணீர், பாதாம் அல்வா எல்லாம் ரெங்கசாமியின் முன்னால் இருந்தன. சென்னைக் குழுவிலிருந்து வந்த அந்த ஒல்லி மனிதர் எதையும் தொடவில்லை. சிரிப்பதற்குத் தனி உத்தரவு வர வேண்டும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

அழகுமலை, ஆண்டியப்பன், செவந்தி மூவரும் உள்ளே வந்தார்கள். நாலாவதாகக் கருவாட்டு வாடை வந்தது. அதற்குப் பின்னால் செங்கமலம்.

அழகுமலை சுருக்கமாகச் சொன்னார். எறும்பு, தண்ணீர்த் தட்டு, பத்தியம், லேசான நோய்க்கெல்லாம் யானை, முற்றிய நோய்க்கெல்லாம் மயில். ரெங்கசாமி எழுந்து போய்த் தட்டைப் பார்த்தார். விரலால் தண்ணீரைத் தொட்டார்.

"டாக்டர்?"

ஆத்மநாதன் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. அந்தத் திறமைக்கும் லண்டனில் ஒரு பட்டம் கொடுத்திருப்பார்கள் போல. "துரோகம்!" என்று கத்தினார். "என் முதுகுக்குப் பின்னால்! தட்டு வைத்தது யார்? சந்தனசாமி! மாத்திரை கொடுப்பது யார்? சந்தனசாமி! கருவாடு, கத்திரிக்காய் என்று இந்தப் பட்டிக்காட்டு மூடத்தனத்தைச் சொல்லக்கூடியவன் இந்த வீட்டில் யார்? நானா? ஐந்து வருஷம் லண்டனில் இருந்தவன் பத்தியம் சொல்வானா?"

சந்தனசாமி கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தார். "ஐயா, வேளாங்கண்ணி மாதா மேல சத்தியமா நான் யாருக்கும்..."

"நீங்க பத்தியம் சொல்றதா இருந்தா எதை விடச் சொல்லுவீங்க?" என்று கேட்டார் அழகுமலை.

கம்பவுண்டர் விழித்தார். "என்னத்தைங்க... புளியை, பூசணியைச் சொல்லுவேன்."

"கருவாடு?"

"கருவாட்டையா? வெள்ளிக்கிழமை கறி கெடையாது, கருவாட்டுக் குழம்புதான் எங்க சனத்துக்குப் பெழைப்பே. அதை விடச் சொன்னா வியாகுலமேரி என்னை வெளக்கமாத்தால அடிக்கும்."

"நியாயமான பேச்சு," என்றார் ரெங்கசாமி வறட்சியாக. "ஆனால் இது சாட்சியம் ஆகாது, அழகுமலை. இதை வைத்துக்கொண்டு ஒரு பரிசோதனையை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. குழு கூடி விசாரிக்கும்."

"எப்பங்க கூடும்?" என்று கேட்டான் ஆண்டியப்பன்.

ரெங்கசாமி தம் தோல்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். செவந்தி முந்தானைக்குள் இருந்த கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். டாக்டரின் மூக்கு பழைய உயரத்துக்குத் திரும்பியது.

அப்போதுதான் மயில் ஜாடியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

செங்கமலம் ஒரு கைப்பிடி மாத்திரையை அள்ளி, பொரிகடலை தின்பதுபோல வாயில் போட்டு நறநறவென்று மென்றுகொண்டிருந்தாள்.

"ஏய்!" என்றார் டாக்டர். "தின்று தொலை, ஆனால் தரையில் சிந்தாதே, எறும்பு வரும்."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் செங்கமலம். "வீட்ல காப்பிக்குச் சீனி இல்ல, கொஞ்சம் முடிஞ்சுக்கவா?" பிறகு யானை ஜாடியைத் திறந்தாள். ஒரே ஒரு மாத்திரையை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள். "இது கசக்குமா இனிக்குமா, பாப்பம். இப்பத்தான் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஒரு சட்டி தின்னுட்டு வந்தேன். நாக்குல இன்னும் அந்த ருசி அப்பிடியே நிக்கிது." கை வாய்க்குப் போனது. வாய் மூடியது.

கூடத்தில் இருந்த நாற்காலி பின்பக்கம் சாய்ந்து விழுந்தது. அதிலிருந்து கிளம்பிய டாக்டர் ஆத்மநாதன், கம்பளிக் கோட்டு பறக்க, அல்வாத் தட்டைத் தாண்டி, செங்கமலத்தின் தாடையைப் பிடித்து உலுக்கினார். இங்கிலீஷ் முழுவதும் எங்கோ ஓடிப்போய்விட்டது.

"துப்பு! துப்புடி! கருவாடு தின்ன வாயிலயா போட்டே! அது ரத்தத்துல சேராதுடி, மருந்து முறிஞ்சுபோகும், மேலெல்லாம் அரிச்சுப் புடுங்கும்! படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன் ஒவ்வொருத்தருக்கும், கருவாட்டை ஒழிச்சுட்டுத்தான் இதைத் தொடணும்னு! துப்பு! துப்பு!"

"துப்பு கெடைச்சிருச்சுங்க," என்றார் அழகுமலை.

செங்கமலம் துப்பினாள். தரையில் விழுந்தது ஒரு வேர்க்கடலை. யானை மாத்திரை அவள் உள்ளங்கையில் பத்திரமாக இருந்தது.

தட்டுத் தண்ணீரில் நீந்தப் பார்த்த ஓர் எறும்பின் மூச்சுகூடக் கேட்டிருக்கும். டாக்டரின் இரண்டு கைகளும் இன்னும் செங்கமலத்தின் தாடையில் இருந்தன. தம் கைகளைத் தாமே யாரோ ஒரு அந்நியனுடைய கைகளைப்போல அவர் பார்த்தார்.

"மயில் மாத்திரையை ஒரு கைப்பிடி தின்றபோது உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை," என்றார் ரெங்கசாமி மெதுவாக. "யானை மாத்திரை ஒன்றுக்கு நாற்காலியைக் கவிழ்த்துவிட்டு ஓடினீர்கள். எது நிஜம் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படித்தானே டாக்டர்?"

"அது... அதாவது... பொதுவாக..."

"ஒவ்வொருத்தருக்கும் சொல்லியிருக்கிறேன் என்றீர்கள். பொதுவாகவா?"

ஆத்மநாதன் தேடினார். கப்பலில் ஏற்றி வந்த பட்டங்களில் ஒன்றுகூடக் கைக்குக் கிடைக்கவில்லை. லண்டன் அவருடைய கோட்டை மாற்றியது, நடையை மாற்றியது, பேச்சை மாற்றியது. கறம்பக்குடியில் பிறந்த நாக்கை மட்டும் மாற்ற முடியவில்லை. நிஜ மருந்து கருவாட்டால் கெட்டுவிடுமே என்று உள்ளுக்குள் பயம். சர்க்கரைக்கு எதற்குப் பத்தியம் என்று சிக்கனம். ஊரார் பத்தியம் கேட்டால் சிரித்துவிட்டு, யானைக்காரர்களை மட்டும் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுக் காதில் ஓதிய மகா மேதை அந்த மனிதர். தம் வாயால் கெட்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அடுத்தவள் வாயைப் பிடித்துக் கெட்டவர் இவர் ஒருவர்தான்.

ஆண்டியப்பன் முன்னால் வந்தான். துண்டை இறக்கவில்லை, தோளிலேயே இருந்தது.

"டாக்டர் ஐயா. அன்னைக்கு என்னை இங்கிலீசுல ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது என்னங்க? இப்ப எனக்குத் தேவைப்படுது."

விழுந்த நாற்காலியை டாக்டர் நிமிர்த்தப் பார்த்தார். அதன் கால் ஒன்று உடைந்திருந்தது.

"பரிசோதனை இந்த நிமிஷத்தோடு நின்றது," என்றார் ரெங்கசாமி. "சந்தனசாமி, இரண்டு ஜாடிக்கும் அரக்கு வையுங்கள். யானை, மயில், எல்லோரையும் நாளைக்கே வரச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பழையபடி சர்க்கார் ஆஸ்பத்திரி மாத்திரைதான். என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, இவர்களுக்கு இப்போதே தருகிறேன்."

தோல்பையைத் திறந்தவர் நின்றார். "அம்மா, கையைக் காட்டுங்கள்."

செவந்தி தயங்கினாள். பிறகு முந்தானையிலிருந்து கையை எடுத்து நீட்டினாள். ரெங்கசாமி அதைக் கூச்சமில்லாமல் தம் கைகளில் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஆண்டியப்பன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வீட்டில் இதுவரை யாரும் அந்தக் கையைத் தொட்டதில்லை. ரெங்கசாமி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு நீண்டது.

"நாள் வீணாகிவிட்டது," என்றார். "ஆனால் விரல் போகவில்லை. விடாமல் சாப்பிட்டால் இதற்கு மேல் மடங்காமல் காப்பாற்றிவிடலாம். பூக் கட்டலாம்."

செவந்தி மாத்திரைப் பொட்டலத்தை இடது கையால் வாங்கி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆண்டியப்பன் நகரவில்லை.

"பத்தியம் என்னங்க?"

"பத்தியமா?" என்றார் ரெங்கசாமி. "அப்படியெல்லாம் எதுவும்..."

ஆண்டியப்பனின் முகம் விழுந்தது. மனைவியைப் பார்த்தான். பொட்டலத்தைப் பார்த்தான். "இவளே, அதைத் திருப்பிக் குடுத்துரு. இதுவும் சர்க்கரைதான்."

செங்கமலம் இருமினாள். நாடகக் கம்பெனியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்ட இருமல் அது. ரெங்கசாமி அவளைப் பார்த்தார், அழகுமலையைப் பார்த்தார், பிறகு செவந்தியின் விரலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். அவருக்குச் சென்னையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது போல. உதட்டோரம் லேசாக அசைந்தது.

"இருக்கிறது," என்றார் கடுமையாக. "ரொம்பக் கடினமான பத்தியம். மீறினால் மருந்து பலிக்காது. இந்தக் கை அடுப்புப் பக்கமே போகக்கூடாது. கொதிக்கிற பானையை இறக்கக்கூடாது. சோறு வடிக்கக்கூடாது. சூடான எதையும் தொடக்கூடாது."

"அப்ப எங்க வீட்ல பானையை யாருங்க எறக்குறது?"

"வீட்டில் யாருக்குக் கை மரத்துப்போகவில்லையோ, அவர்."

செவந்தி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "என்னங்க, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தான். வெளியே ஜட்காக் குதிரை கனைத்தது. "சோறு வடிக்கணுமா... தெனமுமா... ஊருக்காரன் பாத்தா என்ன சொல்லுவான்... பத்தியம் ரொம்பக் கடுசா இருக்குங்களே," என்று முனகினான். திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. பொட்டலத்தை மனைவியின் கையிலிருந்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அப்ப இது மருந்துதான்! வாடி, போவோம்."